டிஸ்க் மேல் பழி போடும் முன்

(காஞ்சிபுரத்தில் வணிகர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

"சர்வர் ஸ்லோ" என்பதைக் கேட்காமல் நமக்கு ஒரு வாரம் கழிவதில்லை. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் சர்வர் ஸ்லோ. பத்திரம் பதியப் போனால் சர்வர் ஸ்லோ. முகூர்த்தத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காந்தி சாலையில் ஒரு பட்டுக்கடையில் பில் போட நின்றாலும் அதே பதில். சொல்பவருக்கு அதற்கு மேல் தெரியாது. கேட்பவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. ஆனால் அது புகார்தான், காரணம் அல்ல.

இன்று நான் பேசப்போவது அந்தப் புகாரின் ஒரு பகுதியைப் பற்றி. சர்வரின் டிஸ்க் ஓயாமல் ஓடுகிறது. முகப்பில் உள்ள சின்ன விளக்கு அணையாமல் எரிகிறது. ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அப்போது பொதுவாக என்ன செய்கிறோம்? புது டிஸ்க் வாங்குகிறோம். கையில் காசு இருந்தால் புது சர்வரே வாங்குகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய இடத்திலேயே நிற்கிறோம். என் கட்சி இதுதான்: டிஸ்க் ஓயாமல் ஓடினால், அதை அப்படி ஓட்டுவது யார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் டிஸ்க் குற்றவாளி அல்ல. யாரோ செய்ததற்கு அடி வாங்குகிற அப்பாவி.

முதலில் டிஸ்க்கின் சக்தி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. நாம் கேட்ட தகவல் இருக்கும் இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். முனை உரிய தடத்துக்கு நகர இன்னொரு எட்டு, ஒன்பது மில்லிநொடி. ஆக ஒரு துண்டுத் தகவலை எடுக்க 12, 13 மில்லிநொடி. நொடிக்கு ஏறத்தாழ 80 தடவைதான் எடுக்க முடியும்.

இதன் விளைவைப் பாருங்கள். வரிசையாகப் படிக்கச் சொன்னால் இதே டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட் தரும். 4 கிலோபைட் துண்டுகளாக இங்கொன்றும் அங்கொன்றும் கேட்டால், 80 தடவைக்கு 320 கிலோபைட்தான் தரும். டிஸ்க் அதேதான், கேட்கிற விதம் மாறியதில் நானூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். "நொடிக்கு அரை மெகாபைட்கூட ஓடவில்லையே, டிஸ்க் சும்மாதானே இருக்கிறது" என்று மெகாபைட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்த அரை மெகாபைட்டுக்குள் அதன் முழுச் சக்தியும் தீர்ந்துபோயிருக்கலாம்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுக்கும். என்விஎம்இ வகையில் அது லட்சக்கணக்கில் போகும். எஸ்எஸ்டி போட்டால் தீர்ந்துவிடும் என்கிற யோசனை அதனால்தான் பாதி உண்மை. தேவையில்லாத வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தால், அதையும் அது வேகமாகச் செய்து முடிக்கும். வேலை போகாது. டேட்டா வளர வளர ஒருநாள் எஸ்எஸ்டியும் திணறும். அதன் செல்களில் இத்தனை முறைதான் எழுதலாம் என்று கணக்கு உண்டு; வீணாக எழுதுவது அதன் ஆயுளையும் தின்னும்.

தறி தெரிந்த ஊரில் அடுத்த செய்தியை விளக்குவது எளிது. நெசவாளர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், ஊடைக்கு வேண்டிய தார் சுற்றி வந்து சேராவிட்டால் தறியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் பிராசஸர்தான் அந்த நெசவாளர். தார் சுற்றும் இடம் டிஸ்க். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தார்க்கூடை மெமரி. கூடையில் தார் இருக்கும்வரை தறி ஓடும், காலியானால் நிற்கும். அந்த நேரத்தில் இன்னும் வேகமான நெசவாளரைக் கூட்டி வந்து உட்கார வைத்துப் பயன் என்ன?

ஆனால் "பிராசஸரை மாற்றுங்கள்" என்ற ஆலோசனை அடிக்கடி வருகிறது. அதற்கு லினக்ஸில் லோடு ஆவரேஜ் என்கிற எண்ணும் ஒரு காரணம். நான்கு கோர் உள்ள மெஷினில் இந்த எண் 22 என்று காட்டினால் பிராசஸர் நொறுங்கிப்போகிறது என்று நினைக்கத் தோன்றும். வேறு யூனிக்ஸ் வகைகளில் அது பிராசஸருக்கு வரிசையில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கை. லினக்ஸில் அப்படி அல்ல. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளும் அதில் சேரும். 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அனுப்பிய ஒரு சின்னத் திருத்தம் இதைச் சேர்த்தது. வேகமான ஸ்வாப் டிஸ்க்கை (மெமரி நிரம்பினால் மிச்சத்தை இறக்கி வைக்கும் இடம்) எடுத்துவிட்டு மந்தமான ஒன்றைப் போட்டால் லோடு குறைந்ததாகக் காட்டுவது பொருந்தவில்லை என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். அதனால் லினக்ஸில் லோடு ஏறினால், வேலை செய்கிற கூட்டமா, காத்திருக்கிற கூட்டமா என்று பிரித்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

எப்படிப் பிரிப்பது? காந்தி சாலையில் ஒரு பட்டுக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடை கற்பனை, அதற்கு வரும் கோளாறுகள் கற்பனை அல்ல. நான்கு பில் கவுண்டர், ஒவ்வொரு சேலைக்கும் பார்கோடு, உள்ளறையில் 8 ஜிபி மெமரி உள்ள ஒரு லினக்ஸ் சர்வர், அதில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். மாலை ஆறு மணி. முதலாளியிடமிருந்து போன் வருகிறது.

"தம்பி, சிஸ்டம் தொங்குதுப்பா. கல்யாணப் பார்ட்டி மூணு பேர் பில்லுக்கு நிக்கிறாங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"வேண்டாங்க முதலாளி. ரெண்டு நிமிஷம் குடுங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்த "வேண்டாங்க" முக்கியமானது. ஆஃப் செய்தால் யார் தொல்லை கொடுத்தது என்ற தடயம் போய்விடும். அதைவிட மோசம், மெமரியில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் காலியாகி, மீண்டும் ஆன் செய்தபின் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்தே படிக்க வேண்டிவரும். முதல் அரை மணி நேரம் முன்னைவிட மந்தமாக இருக்கும்.

கருவியைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எப்போது மந்தம்: நாள் முழுவதுமா, குறிப்பிட்ட நேரத்திலா? எப்போதிலிருந்து? எல்லாக் கவுண்டரிலுமா, ஒன்றில் மட்டுமா? அதற்கு முன் என்ன மாறியது? கடைசிக் கேள்விக்கு முதல் பதில் எப்போதும் "ஒண்ணும் மாறல" என்றுதான் வரும். விடாமல் கேட்டால், போன வாரம் பழைய பத்து வருஷக் கணக்கை ஏற்றியதோ, புது ஆன்டிவைரஸ் போட்டதோ மெதுவாக வெளியே வரும்.

இனி கருவிகள். விஎம்ஸ்டாட் என்று ஒரு கட்டளை. நொடிக்கு ஒரு வரி அச்சாகும்படி ஓடவிட்டு ஐந்து பத்திகளை மட்டும் பாருங்கள். ஆர் என்பது பிராசஸருக்கு நிற்கும் கூட்டம். பி என்பது டிஸ்க் போன்றவற்றுக்காக முடங்கி நிற்கும் கூட்டம். டபிள்யூஏ என்பது டிஸ்க்கை எதிர்பார்த்துப் பிராசஸர் சும்மா இருந்த விழுக்காடு. எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் ஸ்வாப்பிலிருந்து வருவதும் ஸ்வாப்புக்குப் போவதும். நம் கடையில் ஆர் 1, பி 9, டபிள்யூஏ 71 என்று காட்டினால் பிராசஸர் மேல் பழி இல்லை. எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் தொடர்ந்து ஆயிரக்கணக்கில் ஓடினால் டிஸ்க் மேலும் பழி இல்லை. மெமரி போதவில்லை. அங்கே இடம் இல்லாததால் சாமானை டிஸ்க்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே டிஸ்க்கை மாற்றுவது வீண். எந்த புரோகிராம் மெமரியைத் தின்கிறது என்று பார்த்து அதை அடக்க வேண்டும், அல்லது மெமரி கூட்ட வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஃப்ரீ என்ற கட்டளையைப் போட்டு, காலி மெமரி 200 மெகாபைட்தான் இருக்கிறது என்று பதறாதீர்கள். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் வீணாக்காது. டிஸ்க்கில் படித்ததை அங்கே வைத்துக்கொள்ளும். கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற பத்தியை.

நம் கடையில் ஸ்வாப் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஐஓஸ்டாட். ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி வரும். நொடிக்கு 12 படிப்பு, 96 எழுத்து, ஒவ்வொன்றும் முடிய 310 மில்லிநொடி, வரிசையில் 33, பயன்பாடு 100 விழுக்காடு. இதை ஒரு தடவை நிதானமாகப் படிப்போம். 108 வேலை, ஒவ்வொன்றும் 0.31 நொடி, பெருக்கினால் 33. வரிசையின் நீளமும் அதேதான் காட்டுகிறது, ஆகவே எண்கள் நம்பத் தகுந்தவை. ஒரு வேலைக்கு 8 மில்லிநொடி போதும் என்றால் மீதி 300 மில்லிநொடியும் வரிசையில் நின்ற நேரம். டிஸ்க் மந்தமாக இல்லை. அதன் முன் கூட்டம் அதிகம். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி எழுதுவதற்கு வந்தது. ஆகவே எழுதுபவர் யார் என்று தேட வேண்டும்.

கூட்டம் கூடினால் மந்தம் மெல்ல மெல்ல ஏறாது, திடீரென்று பாயும். டென்மார்க்கில் எர்லாங் என்ற கணித அறிஞர் டெலிபோன் இணைப்புகளுக்காக 1909-இல் தொடங்கி வைத்த கணக்கு இது. வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து ஒரே வரிசையில் நின்றால், பாதிச் சுமையில் 8 மில்லிநொடி வேலைக்கு 16 ஆகும். 90 விழுக்காடு சுமையில் 80 ஆகும். 95-இல் 160. 90-இலிருந்து 95-க்குப் போவது சுமையில் சிறிய ஏற்றம்தான், காத்திருப்போ இரட்டிப்பாகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்ற முதலாளியின் வியப்புக்கு விடை இதில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரின் சுமை சராசரியில் வருவதில்லை, உச்சத்தில் வருகிறது: வைகாசிக் கருட சேவை, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், வளர்பிறை முகூர்த்தங்கள். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்தார்கள். சாதாரண புதன்கிழமை மதியத்தை வைத்துச் சர்வரின் அளவைத் தீர்மானிக்கும் விடுதியோ கடையோ இந்த ஊரில் தப்பாது.

யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் காட்டுவது ஐஓடாப். இதுவரை சொன்னது லினக்ஸுக்கு. உங்களில் பலர் விண்டோஸில்தான் கணக்கு வைத்திருப்பீர்கள். அங்கே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காடு என்று பார்த்ததோடு நிற்காமல், ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதிக்குப் போங்கள். எந்த புரோகிராம், எந்தக் கோப்பை, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மில்லிநொடியில், என்று அங்கே வரிசையாக இருக்கும். பாதி நாள் அங்கே உங்கள் பில்லிங் புரோகிராமின் பெயரே மேலே இருக்காது. ஆன்டிவைரஸ் ஸ்கேன், தேடல் இண்டெக்ஸ், அப்டேட் என்று வேறு யாராவது இருப்பார்கள்.

இனி வழக்கமான குற்றவாளிகள். முதலாவது, டேட்டாபேஸில் இல்லாத இண்டெக்ஸ். கவுண்டரில் பார்கோடை ஸ்கேன் செய்கிறீர்கள். அந்த எண் உள்ள சேலையை டேட்டாபேஸ் தேட வேண்டும். அந்தப் பத்திக்கு இண்டெக்ஸ் இருந்தால் நாலைந்து இடத்தைத் தொட்டு எடுத்துவிடும். இல்லாவிட்டால் இருப்புப் பட்டியலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அப்படித்தான். பட்டியல் சிறியதாக, மெமரியில் அடங்கும்வரை இது யாருக்கும் தெரியாது. பழைய கணக்கை ஏற்றிய அன்று பட்டியல் மெமரியைத் தாண்டும். அன்று முதல் ஒவ்வொரு ஸ்கேனும் டிஸ்க்கைப் பிறாண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைஎஸ்கியூஎல் தன் டேட்டாவை வைத்துக்கொள்ள மெமரியில் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு பஃபர் பூல் என்று பெயர். யாரும் மாற்றாவிட்டால் அது 128 மெகாபைட்தான். சர்வரில் 8 ஜிபி இருந்தாலும் அதேதான், 64 ஜிபி வாங்கிப் போட்டாலும் அதேதான். மெமரி வாங்கிப் போட்டும் பலன் இல்லை என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரியை மாற்றினார்களா என்று பாருங்கள். மந்தமான வினவல்களைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாக் என்ற வசதியும் அதில் உண்டு. ஆனால் இயல்பாக அணைந்திருக்கும். போட்டாலும் 10 நொடிக்கு மேல் ஆனதை மட்டுமே குறிக்கும். பில் கவுண்டரில் 9 நொடி என்பது யுகம். லாகில் அது இருக்கவே இருக்காது. அந்த எல்லையை ஒரு நொடியாகக் குறையுங்கள். பிடிபட்ட வினவலுக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று சேர்த்து ஓட்டினால், வகை என்ற இடத்தில் 'ஆல்' என்று வரும்: முழுப் பட்டியலையும் படிக்கிறது என்று அர்த்தம். இண்டெக்ஸ் சேர்க்க ஒரு வரி போதும். புது சர்வர் செய்யாததை அந்த ஒரு வரி செய்யும்.

இரண்டாவது குற்றவாளி, நேரம் தவறிய வேலை. பேக்கப் இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டும். யாரோ கணக்கு முடிக்கும் மாலை ஆறு மணிக்கு வைத்திருப்பார்கள். லினக்ஸில் இரண்டு டிஸ்க்கை, ஒன்றின் நகலாக மற்றது இருக்கும்படி, ரெய்டாக இணைத்திருந்தால் இதில் ஒரு விசேஷம் உண்டு. டெபியன், உபுண்டு முறைகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம்: மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு கடந்து 12.57-க்கு, இரண்டு டிஸ்க்கும் ஒத்திருக்கின்றனவா என்று சோதனை தானாகத் தொடங்கும். 8 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட்டில் முழுதும் படிக்க ஏறத்தாழ 15 மணி நேரம். ஞாயிறு மாலை நான்கு மணி வரை ஆகிவிடும். பட்டுக்கடைக்கு வாரத்திலேயே கூட்டமான நாள் அது. மாதம் ஒரு ஞாயிறு மட்டும் மந்தம் என்று யாராவது சொன்னால் காலண்டரை எடுத்துப் பாருங்கள். சோதனை வேண்டும், அதை நிறுத்தாதீர்கள். வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, லாக். ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க மென்பொருள்காரர் டீபக் முறையைப் போட்டிருப்பார். வேலை முடிந்தும் எடுத்திருக்க மாட்டார். ஒவ்வொரு பில்லுக்கும் நூறு வரி எழுதிக்கொண்டே இருக்கும். நம் கடையின் 96 எழுத்து இப்படிப்பட்ட ஒருவருடையதாக இருந்தால், ஒரு வரியை மாற்றியதும் கவுண்டர் ஓடத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு குறுக்கு வழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒவ்வொரு பில்லும் டிஸ்க்கில் உறுதியாகப் பதிந்த பிறகே "முடிந்தது" என்று டேட்டாபேஸ் சொல்கிறது. அந்த உறுதியைத் தளர்த்தினால் எழுத்து வெகுவாகக் குறையும். இணையத்தில் பலர் இந்த யோசனையைத் தருகிறார்கள். செய்தால் வேகம் கூடும் என்பது உண்மை. மின்சாரம் திடீரென்று போனால் கடைசி ஒரு நொடிக் கணக்கு காணாமல் போகலாம் என்பதும் உண்மை. முப்பதாயிரம் ரூபாய்ச் சேலைக்குப் பணம் வாங்கிவிட்டுப் பில் இல்லாமல் நிற்பதற்குத் தயாரா என்று முதலாளிதான் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் தானாக முடிவு செய்கிற காரியம் அல்ல அது.

நான்காவதாக டிஸ்க்கே உண்மையில் குற்றவாளியாக இருக்கும் இடம். சாகப்போகும் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். வேலை குறைவாக இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் நேரம் மட்டும் நொடிக்கணக்கில் போகும். கூட்டம் இல்லாமலே மந்தம் என்றால் சந்தேகம் டிஸ்க் மேல் திரும்பட்டும். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 என்று எண்ணிட்ட இரண்டு வரிகளையும் பாருங்கள். முன்னது பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள், பின்னது படிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள். 197 ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே பேக்கப் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். அதிர்வும் மந்தமாக்கும். 2008 டிசம்பர் 31 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று உரக்கக் கத்தினார். அந்தக் கணத்தில் டிஸ்க்கின் தாமதம் ஜிவ்வென்று ஏறியதை வரைபடம் காட்டியது. அந்தக் காணொளி இன்றும் இருக்கிறது. சர்வரை ஜெனரேட்டர் அறையில் வைத்திருப்பவர்கள் இன்றிரவு அதைப் பாருங்கள்.

மேகத்துக்குப் போய்விட்டோம், எங்களுக்கு டிஸ்க்கே இல்லை என்று சிலர் நினைக்கலாம். அங்கேயும் டிஸ்க் உண்டு, அதற்கு ரேஷனும் உண்டு. அமேசான் கிளவுடின் ஜிபி2 என்ற டிஸ்க் வகையில் ஒரு ஜிபிக்கு நொடிக்கு 3 வேலை கணக்கு. 100 ஜிபி எடுத்தால் 300. அவசரத்துக்கு 3,000 வரை போகலாம். அதற்கென்று 54 லட்சம் வேலை கையிருப்பாகத் தருவார்கள். முழு வேகத்தில் செலவழித்தால் 33 நிமிடத்தில் தீரும். பிறகு 300-க்கு இறங்கும். காலையில் கடை திறந்த அரை மணி நேரம் பறக்கிறது, பிறகு படுத்துவிடுகிறது என்ற புகாருக்கு இதுதான் காரணமாக இருக்கும். கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அவர்களிடமே இருக்கிறது, பார்ப்பவர்கள் குறைவு.

இவையெல்லாம் சின்னக் கடைகளின் தொல்லை என்று எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. தேசியப் பங்குச் சந்தை காலை 11.40-க்கு எல்லாப் பிரிவுகளிலும் வணிகத்தை நிறுத்தியது. மீண்டும் திறந்தது மாலை 3.45-க்கு, மாலை 5 மணி வரை நேரம் நீட்டிக்கப்பட்டது. வெளியே முதலில் வந்த செய்தி, இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்பில் கோளாறு என்பது. இணைப்பு போனால் நாடே நிற்குமா என்று எல்லாரும் கேட்டார்கள். பின்னர் வந்த விளக்கம்தான் நமக்குப் பாடம். முதன்மை மையத்தில் டேட்டா எல்லாம் சான் எனப்படும் சேமிப்பு வலையமைப்பில் இருந்தது. அங்கே எழுதுவது அருகிலுள்ள இன்னொரு மையத்துக்கும் நகலாகப் போகும். சாலையோரம் தோண்டிய வேலையால் இடையிலான கேபிள்கள் தடுமாறின. அப்படி ஆனால் நகலை விட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடர வேண்டிய சேமிப்பகம் அப்படிச் செய்யவில்லை. சர்வர்களுக்குப் பதில் சொல்வதையே நிறுத்தியது. அபாயக் கட்டுப்பாட்டு முறையும் கணக்குத் தீர்க்கும் முறையும் முடங்கின. அவை இல்லாமல் வணிகம் நடத்தக்கூடாது என்பதால் சந்தையை மூடினார்கள்.

அந்தச் சந்தைக்குச் சென்னையில் பேரிடர் கால மாற்று மையம் இருந்தது. அன்று அதற்கு மாறவில்லை. அடுத்த மாதமே, பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபி புது விதி போட்டது: முக்கிய முறை முடங்கினால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து ஓட வேண்டும். அந்த நாளின் முடக்கம் தொடர்பாகச் செபி எடுத்த நடவடிக்கை 2023-இல் சமரசத்தில் முடிந்தது; சந்தையும் அதன் கணக்குத் தீர்க்கும் கிளை நிறுவனமும் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டின. மும்பையில் சாலையோரம் தோண்டிய குழி டிஸ்க்கின் தாமதமாக உருவெடுத்துச் சந்தையின் பூட்டாக முடிந்தது. கோளாறு தெரிகிற இடம் வேறு, தொடங்குகிற இடம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் பேக்கப் கோப்புறை பக்கத்துக் கட்டிடத்தில் உள்ள சேமிப்புப் பெட்டியில் இருந்தாலோ, பிராட்பேண்ட் வழியாக மேகத்தோடு ஒத்திசைந்தாலோ, இதே சங்கிலியின் சிறு வடிவம் உங்கள் கடையிலும் இருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸ் 4.20 பதிப்பில், 2018 கடைசியில், பிரஷர் ஸ்டால் என்று ஒரு கணக்கு சேர்ந்தது. கடந்த பத்து நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடத்தில், டிஸ்க்குக்காக வேலைகள் எத்தனை விழுக்காடு நேரம் முடங்கின என்று அது நேரடியாகச் சொல்லும். மெமரிக்கும் பிராசஸருக்கும் தனித்தனியே சொல்லும். லோடு ஆவரேஜை வைத்து யூகம் செய்த காலம் போய்விட்டது. இதைக் கற்றுக்கொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு நம் ஊரில் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது, போய்க் கேளுங்கள்.

வணிகர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, நன்றாக ஓடுகிற நாளில் அளந்து எழுதி வையுங்கள். கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையும், கூட்டமான ஒரு ஞாயிற்றுக்கிழமையும், மாலை ஆறு மணிக்கு, டிஸ்க்கின் தாமதம் எவ்வளவு, வரிசை எவ்வளவு, மெமரி எவ்வளவு மீதி. ஒரு நோட்டில் நாலு வரி போதும். நல்ல நாளின் கணக்கு கையில் இல்லாவிட்டால், கெட்ட நாளில் காட்டும் எண் அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, சர்வரில் எதை மாற்றினாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். மூன்றாவது, அடுத்த முறை யாராவது புது சர்வருக்குக் கொட்டேஷன் கொண்டுவந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போ டிஸ்க்கை ஓட்டுறது எந்த புரோகிராம்?" பெயர் சொன்னால் மேலே பேசுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவருக்குக் காசோலை எழுதாதீர்கள்.